ஊசி சேரின் பஞ்சர்கள்

நான் ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை போன மாதம் எனக்குப் போன் எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்லதண்ணி பாதையில் போகும்போது மோட்டார் சைக்கிளின் பின் சக்கரம் காற்றுப் போய், கடை இருக்கும் இடம் வரை தள்ளிக்கொண்டே வந்தாளாம். "சேர், நீங்க இத்தனை காலமும் பஞ்சர நீங்களே ஒட்டினீங்களா, கடைக்குக் குடுத்தீங்களா? நானும் ஒட்டப் பழகணுமா?" என்று கேட்டாள்.

மாட்டைப் பற்றி ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று நினைத்து, பழைய ஞாபகத்தை எல்லாம் திரட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டயர். "ரெண்டையும்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அது பதிலே இல்லை. பெரியவர்கள் தப்பித்துக்கொள்வதற்குச் சொல்லும் பேச்சு அது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கால்நடை அபிவிருத்தி போதனாசிரியர் என்பது என் நியமனக் கடிதத்தில் இருந்த பெயர். தேயிலைத் தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவன் என்பதால் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்திலும் எனக்கு 'ஊசி சேர்' என்றுதான் பெயர். என் மனைவியைக்கூடச் சந்தையில் 'ஊசி சேர் வீட்டம்மா' என்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது.

வேலைக்கு முன் பண்ணையில் பயிற்சி கொடுத்தார்கள். மாட்டின் உள்ளமைப்பு, சினை பார்ப்பது, கன்று எடுப்பது, உறைந்த விந்தைத் திரவ நைதரசன் குடுவையில் வைத்துக் காப்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தராதது ஒன்றே ஒன்று, மோட்டார் சைக்கிள். ஆனால் இந்த வேலையில் முக்கால்வாசி மோட்டார் சைக்கிள்தான். மாடு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் மாலையில் ஊசி போட வேண்டும். மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். அந்த நேரத்தை விட்டால் அடுத்த சுற்று வரும்வரை மூன்று வாரம் வீட்டுக்காரர் வெறும் புல்லை அறுத்துப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பின்னால் குடுவையைக் கட்டிக்கொண்டு, ஹட்டனுக்கு இந்தப் பக்கம் உள்ள தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினேன்.

எங்கள் பாதையில் டயரைக் குத்துவது பெரும்பாலும் ஆணி இல்லை, மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் தேயிலைக் குச்சிகளை விறகுக்காகக் கட்டிச் சுமந்து வருவார்கள். அதில் ஒன்றிரண்டு பாதையில் விழும். கவ்வாத்துக் கத்தி சரிவாக வெட்டிய குச்சி அது. காய்ந்ததும் உளி மாதிரி ஆகிவிடும். எந்த மலையில் கவ்வாத்து நடக்கிறதோ அந்தப் பாதையில் எனக்குப் பஞ்சர் நிச்சயம். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டு, கவ்வாத்து நடக்கும் மலையைச் சுற்றிக்கொண்டு போன காலமும் உண்டு.

முதல் சில வருடம் நானே ஒட்டினேன். வேறு வழியில்லை, கடைகள் தூரம். சக்கரத்தைக் கழற்றி, வால்வைப் பிடுங்கி, இரண்டு லீவரால் டயரின் ஒரு பக்கத்தை ரிம்முக்கு வெளியே தூக்கி, டியூபை உருவ வேண்டும். காற்றடித்துப் பக்கத்துக் கானில் ஓடும் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் பசை பூச வேண்டும். இதுவரைக்கும் யாருக்கும் வரும். பூசியதற்குப் பிறகு பொறுத்திருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொழும்புப் பக்கம் ஊதினாலே காய்ந்துவிடும். இங்கே பனிமூட்டம் இறங்கினால் சொலூஷன் காயவே காயாது. மேலே ஒரு மெல்லிய ஈரம் படிந்துகொண்டே இருக்கும். அவசரப்பட்டு ஒட்டினால் பாதை திரும்பும் அடுத்த முடக்கில் ஒட்டுத் துண்டு கழன்று, டியூப் மறுபடி படுத்துவிடும். நான் சட்டையைக் கழற்றி டியூபின் மேல் கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கொழுந்தெடுத்துவிட்டுப் போகும் பெண்கள், "என்ன சேர், டயருக்குக் குளிருதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒட்டிய பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. பலர் இதை மறந்துவிடுவார்கள். டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியை ஓட்டிப் பார்க்க வேண்டும். குச்சியின் நுனி உள்ளேயே முறிந்து கிடக்கும். அதை எடுக்காமல் புது டியூபே போட்டாலும் பிரயோசனமில்லை. எனக்கு இதெல்லாம் கை வந்துவிட்டது. கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

அந்தப் பெருமை பண்டார டொக்டர் வரும்வரைதான்.

எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த மிருக வைத்தியர் அவர். சிங்களவர், தமிழ் பேசுவார், சுருக்கமாக. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு மாட்டைப் பார்த்து முடித்ததும் எதுவும் சொல்ல மாட்டார். வாளித் தண்ணீரும் சவுக்காரமும் வாங்கி, பையிலிருந்து சின்ன பிரஷ் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நகமாகத் தேய்ப்பார். பிறகு முழங்கை வரை தேய்ப்பார். பிறகு மறுபடி நகம். மாட்டுக்காரன் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கையைத் துடைத்து, சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்ட பிறகுதான் தீர்ப்பு வரும். இந்த மனிதன் வேண்டுமென்றே நம்மைக் காக்க வைக்கிறான் என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. கை சுத்தமாகும்வரை அவருக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது, அவ்வளவுதான்.

அவர் வந்த புதிதில் ஒரு நாள், வழியில் பஞ்சர் ஒட்டிவிட்டு ஒரு லயத்துக்கு ஊசி போடப் போனேன். கையைப் பெட்ரோலால் துடைத்து, பீலியில் வழியும் தண்ணீரில் கழுவித்தான் போனேன். அவரும் வேறொரு மாட்டைப் பார்க்க ஜீப்பில் அங்கே வந்திருந்தார். நான் கையுறையை எடுத்ததும், "தேவராஜ், கைய குடுங்க" என்றார். கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மாட்டுக்காரர், அவர் மனைவி, பக்கத்து வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"பெட்ரோல்" என்றார். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தார். லீவர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. அதையும் பார்த்தார்.

"இந்தக் கை இன்னைக்கு உள்ள போகாது."

சட்டையைக் கழற்றிவிட்டு அவரே ஊசியைப் போட்டார். பிறகு நகம், முழங்கை, மறுபடி நகம். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஜீப்புக்குப் போகும்போதுதான் பேசினார்.

"பெட்ரோல் பட்டா விந்து செத்துரும். கையுறை எப்பவும் கிழியும். கிழிஞ்சா மாட்டோட நோய் உங்க காயத்துக்கு வரும், உங்க அழுக்கு மாட்டுக்குப் போகும். பஞ்சர் ஒட்ட இந்த ரோட்டில எத்தன பேர் இருக்காங்க?"

"கொஞ்சம் பேர் இருக்காங்க டொக்டர்."

"மாட்டுக்குள்ள கை போட?"

"இனி டயர்ல கை வைக்காதீங்க" என்று சொல்லி ஏறிப் போய்விட்டார். அந்த ஒரு வசனத்தோடு என் பஞ்சர் உத்தியோகம் முடிந்தது. லீவரையும் சொலூஷனையும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து அகற்றவில்லை. ஆனால் தொடவும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு வாய்த்தவர் நசீர் நானா. நல்லதண்ணி பாதையில், தோட்டத்துப் பாதைகள் பிரியும் சின்ன பஜாரில் அவருடைய டயர் கடை. முதலில் தள்ளிக்கொண்டு போவேன், கைபோன் வந்த காலத்துக்குப் பிறகு கூப்பிடுவேன், தன் ஆட்டோவில் வந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போவார். "இன்னைக்கு என்ன சேர் குத்திச்சு, மிலாறா மாடா?" என்பார். அவர் காற்றடிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கல்லுப் பாதைக்கு அவ்வளவு இறுக்கமாக அடிக்கக் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சரி சேர்" என்று சொல்லிவிட்டு இறுக்கமாகவே அடிப்பார். நானே ஒட்டினால் இதைவிட நன்றாக ஒட்டுவேன் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். நினைப்போடு சரி. கடை வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவருடைய மகளின் கல்யாணம், என் மகனின் படிப்பு, எல்லாம் அந்த வாசலில் பேசியதுதான்.

இனி ஒரு கன்றின் கதைக்கு வருகிறேன். பிள்ளை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

தோட்டத்தின் மேல்பக்கம் இருக்கும் மேப்பிரிவில், லயத்தின் கடைசியில் உள்ள தொங்கல் வீடு செல்லம்மாவுடையது. கொழுந்து மலையில் விழுந்து முழங்கால் போய்விட்டது. மலை ஏற முடியாமல் வேலையை விட்டாள். புருஷன் ராமையா தோட்டத்தில் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத பெண். ஒரு கிடாரிக் கன்றை வாங்கி, பிள்ளை வளர்ப்பது போல் வளர்த்தாள். பருவத்துக்கு வந்ததும் நான்தான் ஊசி போட்டேன். சினை நின்றது என்று சொன்ன அன்று, "இனி எனக்கும் பெரட்டு இருக்கு சேர்" என்றாள். காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் தானும் பால் கறக்க எழும்பலாம் என்பது அவள் கணக்கு. அந்த மாடு போனால் அவளுக்கு இன்னொரு மாடு கிடையாது. அது எனக்கும் தெரியும்.

மலை சீசன் நேரம். சிவனொளிபாத மலைக்குப் போகும் வேன்களும் பஸ்களும் பாதை நிறைய. மத்தியானம் ராமையா போன் எடுத்தான். விடியற்காலையில் தொடங்கிய வலி, முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகிறது, அதற்கு மேல் அசைவில்லை.

"ஆளுங்க கயிறு போட்டு இழுத்துப் பாப்போம்னு சொல்றாங்க சேர்."

"ராமையா, நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் கயித்த தொடக் கூடாது. செல்லம்மாகிட்டயும் சொல்லு."

லயத்தில் இது வழக்கம். கால் தெரிந்தால் போதும், ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்துவிடுவார்கள். உதவிக்குத்தான் வருவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. தலை நேராக இருந்தால் கன்றும் வந்துவிடும். தலை மடங்கியிருந்தால் மாடு உள்ளே கிழிந்துவிடும். முதல் தடவை கன்று போடும் தலையீத்து மாடு தாங்காது.

மேப்பிரிவுக்கு ஏறும் முடக்கில் பின் சக்கரம் படுத்தது. குனிந்து பார்த்தேன். மிலாறுக் குச்சி, விரல் நீளம், அப்படியே நின்றது. மூட்டம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. நடந்தால் ஏற்றத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தோட்டத்து ஆட்டோக்கள் எல்லாம் யாத்திரைக்காரரை ஏற்றப் போயிருந்தன. பெட்டியில் லீவர் இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் ஒட்டிவிடலாம் என்று மனம் சொன்னது. லீவரைக் கையில் எடுத்தும்விட்டேன்.

பிறகு டொக்டருக்குப் போன் எடுத்தேன். அவர் நுவரெலியாவில் கூட்டத்தில் இருந்தார். வெளியே வந்து பேசினார்.

"கால் முன்னங்காலா, பின்னங்காலா?"

"முன்னங்கால்னு சொல்றாங்க."

"மூக்கு?"

"தெரியல்ல டொக்டர்."

"மூக்கு கைக்கு வராம கயிறு இழுக்க விடாதீங்க. நான் வர நேரமாகும். நீங்க எங்க?"

சொன்னேன். பஞ்சர் ஆனதையும் சொன்னேன்.

"டயர்ல கை வைக்காதீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாடு சாகக் கிடக்கிறது, நான் முடக்கில் நிற்கிறேன், இவர் சட்டம் பேசுகிறார். ஆனால் லீவரைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குக் கைதான் வேண்டும் என்று எனக்கும் தெரியும். நசீர் நானாவைக் கூப்பிட்டேன்.

"நானா, மேப்பிரிவு முடக்கில பஞ்சர். கொஞ்சம் அவசரம்."

"கடையில நிறைய ஆக்கள் சேர். என்ன அவசரம்?"

"செல்லம்மாட மாடு. தலையீத்து. கன்னு சிக்கிட்டு."

"அப்ப ஏன் டயரப் பத்திப் பேசுறீங்க? அங்கயே நில்லுங்க."

வந்தார். சக்கரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சைக்கிள யாரு தூக்கிட்டுப் போகப் போறான்? ஏறுங்க" என்றார். பையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். ஏற்றத்தில் ஆட்டோ முக்கிக்கொண்டு போகும்போதுதான் கடையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லை. யாத்திரைக்காரரின் வேன் ஒன்றைச் சக்கரம் கழற்றி ஜாக்கில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். மாடு ஒன்று கன்று போட முடியாமல் கிடக்கிறது, போய் வருகிறேன் என்று சிங்களத்தில் சொன்னாராம். வேனில் இருந்த வயதான அம்மா ஒருவர், முதலில் அதைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். ட்ரைவர் மட்டும் திட்டினாராம். "ஏசட்டும், அவரு ஏசுறது ஞாயந்தான்" என்றார் நானா.

மாட்டுப்பட்டியில் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். கன்றின் இரண்டு காலிலும் கயிறு கட்டியாகிவிட்டது. ஆனால் இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை. கயிற்றின் மீதிச் சுருளைத் தரையில் போட்டு அதன்மேல் செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்காலை நீட்டிக்கொண்டு, யார் சொன்னாலும் எழும்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

"சேர் தொடாதன்னாரு, தொட விடல்ல" என்றாள்.

கையைக் கழுவினேன். டொக்டர் கழுவுவது போலவே கழுவினேன், நகம் நகமாக. பிறகு சவுக்காரத் தண்ணீரைத் தாராளமாகப் பூசிக் கையை விட்டேன். கால்களின் வழியே போனால் நெஞ்சு வந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து மட்டும் வளைந்து பின்னால் போயிற்று. தலை இடப்பக்கம் திரும்பி விலாவில் சாய்ந்து கிடந்தது. இழுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். வாயோரத்தில் விரலை விட்டேன். நாக்கு லேசாக அசைந்தது. "உசிரு இருக்கு" என்றேன்.

மாடு முக்கும்போது ஒன்றும் செய்யக் கூடாது. கை எலும்பு நொறுங்குவது போல இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முக்கல் விட்டதும் கன்றின் நெஞ்சைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளிய இடைவெளியில் மூக்கைத் தேட வேண்டும். விரல் நுனிக்குத் தட்டுப்படும், அடுத்த முக்கலில் போய்விடும். கை மரத்துப்போய் வெளியே எடுத்து உதறிவிட்டு மறுபடி விடுவேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு தடவை கீழ்த்தாடை உள்ளங்கையில் வசமாக உட்கார்ந்தது. பல் கர்ப்பப்பையைக் கிழிக்காதபடி வாயைக் கையால் மூடிக்கொண்டு, மெதுவாக, பெட்டியில் சாமான் திருப்புவது போலத் திருப்பினேன். தலை நேருக்கு வந்தது. மூக்கு கால்களின் மேல் வந்து உட்கார்ந்தது.

"இப்ப எழும்பும்மா" என்றேன். செல்லம்மா கயிற்றை விட்டு எழுந்தாள்.

ராமையா ஒரு கயிறு, நானா ஒரு கயிறு. நானாவின் கையில் டயர்க் கறுப்பு அப்படியே இருந்தது. கன்றைத் தொடக் கூடாது, கயிறு மட்டும் என்று சொல்லியிருந்தேன். மாடு முக்கும்போது மட்டும், ஒரு கால் மாற்றி ஒரு கால், கீழ்நோக்கி இழுத்தார்கள். தோள் வந்தது. மிச்சம் ஒரேயடியாக வழுக்கி வந்து விழுந்தது. மூச்சில்லை. வாயிலிருந்து சளியை வழித்தேன். இனித் தொட்டால் பாதகமில்லை. நானாவும் ராமையாவும் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். நானாவின் சட்டை, இடுப்பில் கட்டியிருந்த சாரம் எல்லாம் நனைந்தது. நான் சாக்கால் நெஞ்சைத் தேய்த்தேன். செல்லம்மா ஒரு புல்லை எடுத்து அதன் மூக்கில் விட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். கன்று தும்மியது.

கிடாரிக் கன்று. செல்லம்மா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. வியர்வையைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டேன். நானா வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு, "வேன்காரன் என்னைக் கொல்லப் போறான்" என்று சொல்லி, அதே ஈரச் சட்டையோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். டொக்டர் வந்து மாட்டைப் பார்த்தார். நகம், முழங்கை, மறுபடி நகம். "சரி" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சொல்.

பிள்ளை கேட்டதற்கு என் பதில் இதுதான்: ஒட்டப் பழகிக்கொள்ளம்மா. டயருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கடைக்குக் கொடு. போகும் வழியில் ஒரு கடையைப் பிடித்து, எப்போதும் அதே கடைக்குக் கொடு. வாசலில் உட்கார்ந்து தேநீரும் குடி. கையைக் காக்கத்தான் இது என்று டொக்டர் சொல்வார். எனக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது.

அந்தக் கன்று பிறந்து சில நாள் கழித்து நான் காற்றடிக்க நானாவின் கடைக்குப் போயிருந்தேன். அவர் வழக்கம்போல இறுக்கமாக அடித்துக்கொண்டிருந்தார், நான் வழக்கம்போலக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். செல்லம்மா ஆட்டோவில் வந்து, காலை மெதுவாக ஊன்றி இறங்கினாள். கன்றுக்குப் போக மிஞ்சிய சீம்பாலைச் சீனி போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். ஒரு சின்னப் போத்தலை என்னிடம் தந்தாள். துணி கட்டிய பெரிய தூக்குச் சட்டியை நானாவின் மேசையில் வைத்தாள்.

"என்ன செல்லம்மா, கை போட்டது நான். சட்டி அவருக்கா?" என்று சும்மா சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு அது வேலை சேர். கூப்பிட்டா வரத்தானே வேணும். அவருக்கு என்ன தலையெழுத்து?" என்றாள்.

நானா காது கேட்காதவர் மாதிரிக் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. போத்தலைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் சொன்னதில் பிழையில்லை. அந்த மாட்டுக்காக மலையேறிய அன்று எனக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது. நானாவுக்கு ஜாக்கில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது.